சிறுநீரகத் திடீர்ச் சேதத்தினின்று பிழைத்தவர்கள் பிற்காலத்தில் கவனிக்க வேண்டியவை

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

இப்பத்திரிகையில் விதை, எரு, நீர்ப்பாய்ச்சல், பயிர்ப் பூச்சிகள் ஆகியவற்றைப்பற்றி எழுதுவதே வழக்கம். மனித தேகத்தின் ஓர் அவயவத்தைப்பற்றி விவசாய இலாகாவைச் சேர்ந்த ஒருவர் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், வாந்திபேதி, கொடும் வெயிலில் ஓய்வின்றி உழைத்தல், உடல்வலிக்காகத் தாமே வாங்கி விழுங்கும் மாத்திரைகள், பயிர் மருந்துகளின் விஷம் ஆகிய இவை வயலில் வேலை செய்வோரைப் பெரிதும் தாக்குகின்றன. இவை யாவும் சிறுநீரகத்தைச் சில நாட்களுக்குள், சில வேளை சில மணி நேரத்துக்குள், செயலிழக்கச் செய்யவல்லவை. இப்பொழுது டயாலிஸிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு வசதி ஜில்லாத் தலைநகரங்களிலும் பரவியிருப்பதால், முற்காலத்தில் இறந்தே போயிருக்கக்கூடிய பலர் பிழைத்து வீடு திரும்புகின்றனர். "கண்டம் தப்பியது" என்று உறவினர் மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், ஒருமுறை இவ்வாறு சேதமுற்ற சிறுநீரகம் குணமான பின்பும் பல ஆண்டுகள் வரை கவனிக்கப்பட வேண்டியது என்னும் விஷயம் கிராமங்களில் போதிய அளவு தெரியவில்லை. அதை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

சிறுநீரகத்தின் வேலை

ஊரார் குண்டிக்காய் என்று சொல்லும் சிறுநீரகங்கள் இரண்டு. முதுகெலும்பின் இருபுறத்திலும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி அவை அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிராம் நிறையுடையது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இவை யாவும் சேர்ந்து ஒரு நாளில் ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்தினின்று வடித்து, அதில் பெரும்பகுதியைத் தேகத்துக்கே திருப்பிக் கொடுத்து, ஒன்றரை லிட்டர் அளவையே சிறுநீராக வெளியேற்றுகின்றன.

வெளியேறும் கழிவுகளில் யூரியா ஒன்று. நாம் பயிருக்கு இடும் யூரியாவும் இதுவும் இரசாயன முறைப்படி ஒரே பொருளாகும். தசைகளிலிருந்து உண்டாகும் கிரியாட்டினின் மற்றொன்று. "இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது" என்று ஜனங்கள் சொல்லும்போது பெரும்பாலும் இவ்விரண்டையே குறிக்கின்றனர். சமையல் உப்பை அன்று. பயிருக்குச் சாம்பல்சத்து என்று நாம் சொல்லும் பொட்டாசியத்தின் அளவையும் சிறுநீரகமே சரிப்படுத்துகிறது. பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்தால் இருதயம் திடீரென்று நின்றுவிடக்கூடும்.

திடீர்ச் சேதம் என்பது யாது?

2012ஆம் ஆண்டில் சர்வதேச சிறுநீரக நிபுணர்கள் வகுத்த விதிகளின்படி, இரத்தத்தில் கிரியாட்டினின் 48 மணி நேரத்துக்குள் 0.3 மில்லிகிராம் ஏறினாலும், 7 நாட்களுக்குள் முன்னிருந்த அளவைப்போல் ஒன்றரை மடங்காயினும், அல்லது 6 மணி நேரம் தொடர்ந்து சிறுநீர் மிகக் குறைந்துபோயினும், அது திடீர்ச் சேதமெனக் கொள்ளப்படும். 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே சிறுநீர் குறைவது இவ்விதியில் அடங்கும். சேதத்தின் கடுமையை மூன்று படிகளாகப் பிரிப்பர். கிரியாட்டினின் மூன்று மடங்காவதும், டயாலிஸிஸ் தேவைப்படுவதும் மூன்றாம் படியாகும்.

காரணங்களை விவசாயிகள் எளிதில் நினைவில் வைக்கலாம். ஒரு வயல் கெடுவது வரத்துக் குறைவதனாலோ, வயலே கெடுவதனாலோ, வடிகால் அடைபடுவதனாலோ ஆகும். சிறுநீரகமும் அவ்வாறே. வாந்திபேதியிலும், வெயிலில் வியர்த்து வாடுவதிலும், இரத்தப்போக்கிலும் சிறுநீரகத்துக்கு வரவேண்டிய இரத்தம் குறைகிறது. விஷங்களாலும் சில தொத்து வியாதிகளாலும் வடிகட்டிகளும் அவற்றையொட்டிய குழாய்களும் நேரே கெடுகின்றன. கல்லடைப்பினாலும், வயோதிக ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துப்போவதனாலும் வடிகால் அடைபடுகிறது.

இவற்றுள் நம் பக்கத்தில் முதலிடம் பெறத்தக்கது பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. கண்ணாடிவிரியனின் விஷம் இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்து, இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகிறது. கடித்ததற்கும் விஷமுறிவு மருந்து ஏற்றப்படுவதற்கும் இடையே கழியும் நேரம் நீள நீளச் சிறுநீரகச் சேதமும் மிகுகிறது. கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறி இரத்தம் வடிப்பதும், பச்சிலை வைத்துக் காத்திருப்பதும் தீமையே பயக்கும். கடியுண்ட அவயவத்தை அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதே முறை.

எலிக்காய்ச்சல் அடுத்தது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீர், காலிலுள்ள சேற்றுப்புண் வழியாகக் கிருமியை உட்புகுத்துகிறது. காய்ச்சலும், கெண்டைக்கால் சதையில் கடும் வலியும், கண் சிவப்பும் காணின் ஐயுற வேண்டும். இவ்வியாதியில் சிறுநீரின் அளவு குறையாமலே சிறுநீரகம் கெடுவதுண்டு. ஆதலின், சிறுநீர் தாராளமாகப் போகிறது என்பதைக் கொண்டு சிறுநீரகம் நலமாயிருக்கிறது என்று முடிவு செய்யலாகாது.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் முதலிய வலி மாத்திரைகளும், மயில்துத்தம், பாராக்வாட் களைக்கொல்லி ஆகியவை வயிற்றுக்குள் செல்வதும், மூலிகைப் பயிராகச் சாகுபடி செய்யப்படும் செங்காந்தளின் கிழங்கைத் தவறி உண்பதும், தமரத்தங்காய்ச் சாற்றை மிகுதியாகக் குடிப்பதும் சிறுநீரகத்தைத் தாக்கிய காரணங்களாக வைத்திய நூல்களில் பதிவாகியுள்ளன. கிணறு இடிந்தோ, டிராக்டர் கவிழ்ந்தோ சதை நசுங்கினால், அச்சதையினின்று கரைந்துவரும் பொருள் சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். 1941இல் லண்டன் நகரில் குண்டுவீச்சினால் இடிந்த வீடுகளின் கீழ் அகப்பட்டு மீட்கப்பட்டவர்களிடம் பைவாட்டர்ஸ், பீல் என்னும் இரு வைத்தியர்கள் இதைக் கண்டு விவரித்தனர்.

குணமான பின் நேர்வது

அக்காலத்தில் இத்தகைய நோயாளிகளுக்குச் செய்யக்கூடியது சொற்பமே. ஹாலந்து தேசத்தில் கோல்ஃப் என்னும் வைத்தியர் யுத்த காலத்தில் டயாலிஸிஸ் இயந்திரம் ஒன்றை அமைத்து, பல தோல்விகளுக்குப்பின் 1945 செப்டம்பரில் 67 வயதுடைய ஒரு மாதைப் பிழைக்கவைத்தார். அம்மாதின் சிறுநீரகங்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்கின. அவர் பின்னும் சில ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். இத்தகைய அனுபவங்களினின்று, திடீர்ச் சேதத்தில் உயிர் தப்பினால் சிறுநீரகம் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்னும் கருத்து வேரூன்றியது. பல ஆண்டுகள் வைத்தியர்களே அவ்வாறு எண்ணியிருந்தனர்.

பிற்காலத்தில், ஆஸ்பத்திரியை விட்டுச் சென்றவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது உண்மை வேறு எனத் தெரிந்தது. 2019இல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு 82 ஆய்வுகளையும் ஏறக்குறைய 20 லட்சம் பேரையும் உட்கொண்டது. திடீர்ச் சேதம் நேராதவர்களோடு ஒப்பிடும்போது, நேர்ந்தவர்களுக்கு நாட்பட்ட சிறுநீரக வியாதி புதிதாக உண்டாகவோ முன்னிருந்தது முற்றவோ நேரும் அபாயம் சுமார் 2.7 மடங்கும், சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் சுமார் 4.8 மடங்கும், மரண அபாயம் 1.8 மடங்கும் இருந்தன. இருதயம் பலவீனப்படுதலும் இவர்களுக்கு மிகுதியென வேறு ஆய்வுகள் காட்டின.

இவ்வெண்களைக் கண்டு யாரும் அஞ்சி ஒடுங்க வேண்டுவதில்லை. அவ்வாய்வுகளில் பெரும்பாலானவை செல்வ நாடுகளில், வயோதிகரும், நீரிழிவும் இருதய வியாதியும் உடையவருமான நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. நம் வயல்களில் பாம்பு தீண்டியவரும் எலிக்காய்ச்சல் கண்டவரும் பெரும்பாலும் வாலிபர் அல்லது நடுவயதினர். ஒரே காரணத்தால் தாக்குண்டவர். இவர்களிற் பலர் நன்கு குணமடைகின்றனர். ஆயினும் நம் தேசத்து ஆஸ்பத்திரிகளில் பாம்புக்கடிக்குப்பின் சிறுநீரகம் கெட்டவர்களைத் தொடர்ந்து கவனித்ததிலும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுதல், இரத்தக்கொதிப்பு, வடிகட்டும் சக்திக் குறைவு ஆகியவை நிலைத்துவிட்டமை காணப்பட்டிருக்கிறது. யார் அப்பகுதியினர் என்பது பரிசோதனையினாலன்றி வெளித்தோற்றத்தினால் தெரியாது.

இவ்வாறு நேரும் விதத்தை ஓர் உவமையால் விளக்கலாம். பத்து ஜோடி மாடுகள் உழுத நிலத்தை ஆறு ஜோடிகளே உழ நேர்ந்தால், சில காலம் உழவு குறைவின்றி நடைபெறும். ஆனால் அம்மாடுகள் விரைவில் நைந்துபோம். இறந்துபட்ட வடிகட்டிகள் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஆரம்பத்தில் கணக்குச் சரியாகவே இருக்கும். நாளடைவில், மிகுந்த பாரத்தினால் அவையும் ஒவ்வொன்றாகத் தழும்பேறிக் கெடுகின்றன. இரத்தக்கொதிப்பும் நீரிழிவும் இருப்பின் இது துரிதமாகும். வலியோ காய்ச்சலோ இராது. பெரும்பங்கு கெட்ட பின்னரே கால் வீக்கம், மூச்சுத்திணறல், பசியின்மை முதலியன தோன்றும்.

யாருக்கு அபாயம் மிகுதி?

கீழ்க்கண்டவர்கள் மற்றவரைவிட மிகுதியான ஜாக்கிரதையுடன் இருக்க வேண்டும்:

1. டயாலிஸிஸ் செய்ய நேர்ந்தவர். கிரியாட்டினின் மூன்று மடங்குக்கு மேல் ஏறியவர்.

2. ஏழு நாட்களுக்கு மேலும் சேதம் நீடித்தவர். விரைவில் தெளிந்ததைவிட மெதுவாகத் தெளிந்தது கவலைக்குரியது.

3. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கிரியாட்டினின் பழைய அளவுக்குத் திரும்பாதவர்.

4. மூன்று மாதங்களுக்குப் பின்னும் சிறுநீரில் புரதம் ஒழுகுபவர். பின்வரும் தீங்கை முன்னறிவிப்பதில் இது மிக முக்கியமான அடையாளம். சிறுநீர் நுரைத்து, அந்நுரை நெடுநேரம் அடங்காதிருப்பின் ஐயுறலாம்.

5. நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, இருதய வியாதி, முன்னரே இருந்த சிறுநீரக வியாதி ஆகியவற்றுள் ஒன்றுடையவர், வயோதிகர்.

6. இரண்டாம் முறையும் திடீர்ச் சேதத்துக்கு உள்ளானவர். ஒருமுறை கண்டவருக்கு மறுமுறை வருதல் எளிது என்பது நினைவிலிருக்க வேண்டும்.

7. விஷத்தினால் சிறுநீரகத்தின் வெளிப்பகுதி முழுவதும் மடிந்துபோனதாக வைத்தியர் கண்டவர். கண்ணாடிவிரியன் கடியில் அபூர்வமாக இது நேரும். பூரண குணம் இவர்களுக்கு அரிது.

பெண்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை. திடீர்ச் சேதத்தினின்று குணமடைந்த பெண் பின்னர்க் கர்ப்பமுற்றால், கர்ப்பகால இரத்தக்கொதிப்பு நோய் மற்றவரைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. கிரியாட்டினின் சரியாக இருப்பினும், பழைய நோயைப்பற்றிக் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும்.

செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள்

பரிசோதனைகள் மூன்றே: இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்த அழுத்தம். கடும் சேதம் அடைந்தவர் வீடு திரும்பிய ஓரிரு வாரங்களில் ஒருமுறையும், மற்ற யாவரும் மூன்றாம் மாத முடிவிலும், பின்னர் ஆண்டுக்கொருமுறையேனும் இம்மூன்றையும் பார்த்துக்கொள்வது உத்தமம். மூன்று மாதங்கள் கடந்தும் குறை நீடித்தால் அது நாட்பட்ட வியாதியெனக் கருதப்படும். டயாலிஸிஸ் செய்துகொண்டே வீடு திரும்பியவருக்கும் முதல் மூன்று மாதங்களில் சிறுநீரகம் தெளியக்கூடும். ஆகையால் தெளிவு காண்கிறதா என்று அடிக்கடி சோதிக்கும்படி வைத்தியரைக் கேட்க வேண்டும்.

ஆண்களுக்குக் கிரியாட்டினின் ஏறத்தாழ 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கிரியாட்டினின் சதையிலிருந்து உண்டாவதாகையால், நெடுநாள் படுக்கையில் கிடந்து சதை வற்றியவருக்கு அது குறைவாகவே காட்டும். தேகம் தேறிச் சதை பிடித்தபின் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். மேலும், வடிகட்டும் சக்தியில் ஏறக்குறைய பாதி குறைந்த பின்னரே கிரியாட்டினின் இயல்பான எல்லையைத் தெளிவாகக் கடப்பது பலரிடம் காணப்படுவதால், சிறுநீர்ப் பரிசோதனையை ஒருபோதும் விட்டுவிடலாகாது. அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

நடந்துகொள்ள வேண்டிய முறை

வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி உண்பதை அறவே விட வேண்டும். எவ்வியாதிக்கு எவ்வைத்தியரிடம் சென்றாலும், "எனக்கு முன்பு சிறுநீரகம் கெட்டுத் தெளிந்தது" என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் பட்டாவைப்போல் பத்திரப்படுத்த வேண்டும். இரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உட்கொண்டிருந்த மாத்திரைகளை நோயின்போது வைத்தியர் நிறுத்தியிருக்கக்கூடும். அவற்றை மீண்டும் எப்பொழுது தொடங்குவதென்று கேட்டறிய வேண்டும். தாமே தொடங்குவதும், கேளாமலே விட்டுவிடுவதும் பிழை. வாந்திபேதி கண்டால் அன்றே உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பருகத் தொடங்கி, வழக்கமான மாத்திரைகளுள் எவற்றை நிறுத்திவைப்பதென்று வைத்தியரைக் கேட்க வேண்டும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இக்கணக்கில் சேரும். புகையிலையை விலக்க வேண்டும். தண்ணீர் விஷயத்தில் யாவருக்கும் ஒரே விதி பொருந்தாது. சிறுநீரகம் நன்கு தெளிந்தவர் வெயிலில் உழைக்கும்போது தாகத்துக்குக் காத்திராமல் அடிக்கடி பருக வேண்டும். கால் வீக்கமும் சிறுநீர்க் குறைவும் உள்ளவரோ வைத்தியர் சொன்ன அளவைத் தாண்டலாகாது. இளநீர் குளிர்ச்சியானதென்று கருதி நோயாளிக்குத் தாராளமாகக் கொடுப்பது நம் வழக்கம். அதில் பொட்டாசியம் மிகுதியாக உண்டு. சிறுநீரகச் சக்தி குறைந்தவருக்கு அது ஆபத்தாகலாம். வாழைப்பழத்தையும் அவ்வாறே கேட்டறிந்து உண்ண வேண்டும்.

நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் செய்யத்தக்கவை

அறுவடைக் காலத்தில் பாம்பு தீண்டிச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு கூலியாளை எடுத்துக்கொள்வோம். அவருக்கு வேலை போன நாட்களும் கடனும் மிகுந்திருக்கும். மூன்றாம் மாதத்தில் தேகம் தேறிவிடும். நலமாயிருக்கும்போது ஒருநாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரிக்குப் போக அவர் துணியார். உடல்வலிக்கு மாத்திரை உண்டு, வெயிலில் வேலை செய்துகொண்டிருப்பார். சில ஆண்டுகளுக்குப்பின் கால் வீங்கிச் செல்லும்போது டயாலிஸிஸ் ஒன்றே வழியாக இருக்கக்கூடும். 2016இல் தொடங்கிய தேசிய டயாலிஸிஸ் திட்டத்தினால் ஏழைகளுக்கு இச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்க வழியுண்டாயினும், வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்களை அதற்கே கொடுப்பவர் எவ்வாறு கூலிவேலை செய்வார்? அந்த ஒருநாள் கூலியை நிலமுடையவர் கொடுத்து அனுப்பியிருந்தால், குறையை இளமையிலேயே கண்டு, மருந்தினால் பல ஆண்டுகள் தாமதப்படுத்தியிருக்கலாம்.

இரண்டாவது, வயலில் நிழல், ஓய்வு, நல்ல தண்ணீர் ஆகிய மூன்றும் அமைத்தல். மத்திய அமெரிக்காவில் நிகராகுவா, எல் சால்வடார் தேசங்களில் கரும்பு வெட்டும் வாலிபர்கள் நீரிழிவோ இரத்தக்கொதிப்போ இல்லாமலே நாட்பட்ட சிறுநீரக வியாதிக்கு இரையாயினர். வெப்பத்தில் கடுமையாக உழைத்து நாள்தோறும் நேரும் சிறு சேதங்கள் சேர்வது அதற்கு ஒரு முக்கிய காரணமெனக் கருதப்படுகிறது. அங்கே நிழலும் ஓய்வும் நீரும் முறைப்படுத்தப்பட்ட தோட்டங்களில் அத்தகைய சேதம் குறைந்தது. நடுப்பகல் வேலையைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுவதால் வேலை குறைவதில்லை.

மூன்றாவது, களத்திலும் வைக்கோற்போர் அருகிலும் வேலை செய்வோருக்குக் கணுக்காலை மூடும் பாதரட்சையும், இரவில் நீர் பாய்ச்சுவோருக்கு நல்ல விளக்கும் கொடுத்தல், எலிகளை ஒழித்தல், மயில்துத்தத்தையும் களைக்கொல்லிகளையும் பூட்டி வைத்தல்.

நான்காவது, 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடி, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் அறிவிக்கத்தக்கதாக ஆக்கப்பட்டது. அறிவிப்பது ஆஸ்பத்திரிகளின் கடமை. ஆனால் கிராமத்தில் யார் கடியுண்டார், யாருக்கு டயாலிஸிஸ் நடந்தது, யார் மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் போகவில்லை என்பதைக் கிராம உத்தியோகஸ்தரைப்போல் அறிந்தவர் வேறில்லை. இத்தகையோரின் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் தெரிவிப்பது பெரும் உபகாரமாகும். அந்நிலையத்திலேயே இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்துவிடலாம்.

கருகிய பயிர் மழைக்குப்பின் பச்சையாயிற்றென்று எந்த விவசாயியும் அறுவடை வரை வயற்பக்கம் போகாதிருப்பதில்லை. உயிர் தப்பி வந்த மனிதனையும் அவ்வாறே நோக்க வேண்டும். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஊரில் கடந்த சில ஆண்டுகளில் இவ்வாறு பிழைத்து வந்தவர் யார் யார் என்று எண்ணிப்பார்த்து, அவர்களுள் ஒருவரையேனும் இம்மாதத்தில் இம்மூன்று பரிசோதனைகளுக்கும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.